முருங்கை மூட்டு மண்

இராஜாக்கமங்கலம்
14 அக்டோபர் 2024

அன்புள்ள மைனிக்கு,

இந்தக் கடிதத்தை அண்ணன்தான் முதலில் பிரிப்பார். அதனால் முதல் வரி அவருக்கு: அண்ணா, படித்து முடித்ததும் மைனியிடம் கொடுத்துவிடுங்கள்.

நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்குத் தபால் போடுகிறேன். வேறு வழி இல்லை. ஆகஸ்டில் நான் அண்ணனுக்கு மட்டும் அனுப்பிய குரல்பதிவு அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அப்பா விட்டுப்போன நிலத்தில் செல்வதாஸ் வாடகைக்குக் கொட்டகை போட்டிருந்த இடத்தை, மண்ணைச் சோதிக்காமல் விற்க வேண்டாம், அதற்கு முன் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பதினொரு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். அதன்பின் அண்ணன் என் எண்ணைத் தடுத்துவிட்டார். உங்களுக்கென்று தனியாகப் போன் கிடையாது.

நேற்று அறுப்பின் பண்டிகை ஆராதனைக்கு நம் சபைக்கு வந்தேன். திருவிருந்தில் உங்களுக்குப் பக்கத்து இடம் எனக்குத் தற்செயலாகக் கிடைக்கவில்லை. இரண்டு பேரை முன்னால் விட்டுவிட்டு, காத்திருந்து பிடித்த இடம். ஒரு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பத்துக்காக இரண்டு கைகளையும் விரித்தீர்கள். அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கடுகு கடுகாகக் கெட்டிப் புள்ளிகள். கழுத்துக்குக் கீழே, புழுதியில் தூறல் விழுந்ததுபோலக் கறுப்பும் வெளுப்புமாக நிறம் மாறியிருந்தது.

நான் டாக்டர் இல்லை. நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் இந்த இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து வந்தால் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆர்சனிக். நம் வீட்டையொட்டிய கொட்டகையில் பன்னிரண்டு வருடம் செல்வதாஸ் ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க முக்கியெடுத்தானே, அந்தப் பச்சை மருந்தில் தாமிரமும் குரோமியமும் அதுவும்தான் இருந்தன. தொட்டியிலிருந்து எடுத்த மரம் சொட்டச் சொட்ட வெறும் தரையில்தான் காய்ந்தது. கொட்டகை மூடி இரண்டு வருடமானால் என்ன, மண்ணிலிருந்து அது எங்கும் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உடம்புக்குள் போனால் தோலில், நுரையீரலில், மூத்திரப்பையில் புற்றுநோய் வரலாம். வரும் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்கிறேன்.

எப்போதிலிருந்து கையில் இப்படி இருக்கிறது? கொட்டகைப் பக்கத்து மரச்சீனிக் கிழங்கைத்தானே இன்னும் அவித்துச் சாப்பிடுகிறீர்கள்? பதில் எழுதுங்கள்.

குளோரி


சிதறால்
22 அக்டோபர் 2024

கர்த்தருக்குள் பிரியமான சகோதரி குளோரிக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் அக்கறைக்கு நன்றி.

என் கையில் இருப்பது வெறும் ஆணி. வேலை செய்கிற கைக்கு அது வரும். சாக்பீஸ் பிடிக்கிற கைக்கு வராது. மார்த்தாண்டத்தில் டாக்டரைப் பார்த்துக் களிம்பு வாங்கியாயிற்று.

மேற்படி கொட்டகை இடத்துக்கு அருகில் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம். யாரும் சாகவில்லை. மேற்படி இடத்தை விற்கும் நேரம் பார்த்துத் தாங்கள் மண்ணைப் பற்றிப் பேசுவதன் நோக்கம் எல்லோருக்கும் விளங்கும். கையெழுத்துப் போட மனமில்லை என்றால் அதை நேராகச் சொல்லலாம். அப்பா பாடுபட்ட மண்மேல் பழி போட வேண்டாம். இத்துடன் இவ்விஷயத்தை முடித்துக்கொள்ளவும்.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள். வியாழக்கிழமை சங்கத்தில் நானும் உன்னை நினைக்கிறேன்.

ஜெயபாய்


இராஜாக்கமங்கலம்
28 அக்டோபர் 2024

மைனி,

உறையின்மேல் ‘செயலர், பெண்கள் ஐக்கிய சங்கம்’ என்று தட்டச்சு செய்து, சபை விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சங்கத் தபாலை அண்ணன் பிரிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

போன கடிதத்தில் கையெழுத்து உங்களுடையது. வாக்கியங்கள் அண்ணனுடையவை. ‘மேற்படி’ என்ற சொல் உங்கள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. என்னைத் ‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை மடியில் போட்டுப் பேன் பார்த்தவர் நீங்கள். கடைசி இரண்டு வரியில் மட்டும் நான் மறுபடி ‘நீ’ ஆகியிருந்தேன். அதிலிருந்த வியாழக்கிழமையை, சங்கத்துக்கு எழுதினால் உங்கள் கைக்கே வரும் என்ற குறிப்பாக எடுத்துக்கொண்டேன். நான் நினைத்தது தப்பு என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இப்போதெல்லாம் எதைப் படித்தாலும் அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது. நல்ல புத்தியாகத் தோன்றவில்லை. ஆனாலும் விட முடியவில்லை.

நேராகக் கேட்கிறேன். எனக்குக் கொஞ்சம் மண் வேண்டும். நான் அங்கே வந்து தோண்டினால் அண்ணன் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். மூன்று இடத்திலிருந்து எடுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, மரச்சீனி நிற்கிற இடத்தில் ஒன்று. மூன்றாவது, அடுக்களைக்குப் பின்னால் முருங்கை மூட்டில், மரத்தின் அடியில். அது தொட்டிக்கு எதிர்ப்பக்கம், மேடும்கூட. மருந்துத் தண்ணீர் அங்கே ஏறி வர வழியில்லை. மற்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மண் ஒன்று வேண்டுமே, அதற்காகத்தான். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே எண் எழுதுங்கள். ஒன்றில் விட்ட கரண்டியைக் கழுவாமல் இன்னொன்றில் விட வேண்டாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதை அண்ணனிடம் காட்டுவது என்று முடிவு செய்தால் காட்டுங்கள். எனக்குப் புதிதாகக் கெட்ட பெயர் ஒன்றும் வரப்போவதில்லை.

குளோரி


சிதறால்
7 நவம்பர் 2024

குளோரி,

வியாழக்கிழமையைக் கண்டுபிடித்துவிட்டாய். படித்த பிள்ளைதான்.

அந்தக் கடிதத்தை உன் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். உண்மைதான். சாக்பீஸ் வரி மட்டும் என்னுடையது. மன்னித்துக்கொள், அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

மண் எடுத்தேன். மரச்சீனி மண்ணும் முருங்கை மண்ணும் எளிது. கொட்டகைக் கதவின் சாவி உன் அண்ணன் இடுப்பில் இருக்கிறது. பின்பக்க வேலியில் தகரம் இற்றுப்போன இடத்தில் குனிந்து உள்ளே போனேன். இந்த ஐம்பத்தெட்டு வயதில். திரும்பி வரும்போது அவர் நின்றுகொண்டிருந்தார்.

“ஏட்டி, அங்க என்னத்தத் தோண்டுத?”

“கோழிக்குப் புழு.”

“அந்த மண்ணில புழு ஏது?”

கேட்டுவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். அந்த மண்ணில் புழு இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று அரிசி களையும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நீ சொன்னபடியே மூன்று உறை, மூன்று ஐஸ்கிரீம் கரண்டி. எண்ணும் போட்டிருக்கிறேன். சங்கத்துத் துண்டுப் பிரசுரம் என்று தபால் நிலையத்தில் பொய் சொன்னேன்.

உன்னை நம்பித்தான் அனுப்புகிறேனா என்று கேட்காதே. கையெழுத்துப் போடாமல் இழுக்க உனக்கு ஒரு சாக்கு வேண்டும் என்று உன் அண்ணன் சொல்வதை நான் முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை. நான்கு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறாதவள், சரியாக விற்கிற நேரத்தில் வந்து என் கையைப் பார்த்தாயே. ஆனால் களிம்பு மூன்றாவது டப்பா தீர்ந்துவிட்டது. புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. உள்ளங்காலிலும் வந்திருக்கிறது. அதை நீ பார்க்கவில்லை.

ஜெயபாய்


இராஜாக்கமங்கலம்
29 நவம்பர் 2024

மைனி,

முடிவு வந்துவிட்டது. யார் மண், எந்த ஊர் மண் என்று சொல்லாமல் எண் மட்டும் போட்டுத்தான் ஆய்வகத்துக்குக் கொடுத்தேன்.

தொட்டி மண் நான் பயந்ததுபோலவே இருக்கிறது. ஆர்சனிக்கும் குரோமியமும் சாதாரண மண்ணில் இருப்பதைப்போலப் பல மடங்கு. மரச்சீனி மண்ணில் கொஞ்சம்தான் கூடுதல். சரிவு அந்தப் பக்கம் இல்லை போலிருக்கிறது. இதுவரை புரிகிறது.

மூன்றாவது உறைதான் புரியவில்லை. முருங்கை மூட்டு மண் தொட்டி மண்ணுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. இரண்டு முறை சோதிக்கச் சொன்னேன். அதே எண்தான் வந்தது.

மைனி, அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது. ஒப்பிடுவதற்காக எடுத்த சுத்த மண்ணே இப்படி வந்தால், இந்த முடிவை யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள். இந்தம்மாவுக்கு மண் எடுக்கவே தெரியவில்லை, இவள் சொல்வதையா நம்புவது என்று கேட்பார்கள். அப்படி யாராவது கேட்க வேண்டும் என்று யாருக்கு ஆசை இருக்கும்? இந்த யோசனையிலேயே மூன்று நாள் போயிற்று. அண்ணன் உங்களை வேலி ஓரத்தில் பார்த்திருக்கிறார். உறைகள் தபாலுக்குப் போகும்வரை எங்கே இருந்தன? அவர் கைக்கு எட்டுகிற இடத்திலா? தொட்டி மண்ணை அள்ளி மூன்றாவது உறையிலும் கொஞ்சம் கலந்துவிட எவ்வளவு நேரம் ஆகும்?

அவர் செய்யவில்லை என்றால், அவர் சொல்லி நீங்கள் செய்தீர்களா? எழுதிய பிறகு இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் அது எனக்குள்ளேயே கிடந்து வேறு ஏதாவதாக வளரும். அதனால் விட்டுவிட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

குளோரி


சிதறால்
5 டிசம்பர் 2024

குளோரி,

இல்லை.

நீ கேட்ட ஒரு வார்த்தை அதுதான். இனி நான் எழுதப்போவது நீ கேட்காதது.

உறைகள் மூன்றும் தபாலுக்குப் போகும்வரை என் பைபிள் பையில் இருந்தன. அந்தப் பையை உன் அண்ணன் தொட மாட்டார். நானும் எதையும் மாற்றவில்லை. நீ முருங்கை மூட்டு என்று சொன்னாய், நான் முருங்கை மூட்டில் எடுத்தேன். அங்கே மேலே கிடப்பது மண்ணே இல்லை, பாதிக்குமேல் சாம்பல். பதினோரு வருடமாக எங்கள் அடுப்புச் சாம்பல் முழுவதையும் அங்கேதான் தட்டுகிறேன்.

அடுப்பில் என்ன எரிகிறது என்று உனக்குத் தெரியாதா? செல்வதாஸ் தொழில் செய்த காலம் முழுக்க வெட்டி மிச்சமான துண்டுகளைச் சும்மா தந்தான். மருந்து குடித்த மரம்.

“அக்கா, கறையான் தொடாத விறகாக்கும். எத்தன வருசம் அடுக்கி வச்சாலும் ஒண்ணும் ஆகாது. எடுத்துட்டுப் போங்க.”

நானும் சுமந்து சுமந்து அடுக்கினேன். கேஸ் இருந்தாலும் சோற்றுக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் அந்த விறகுதான். கொட்டகை மூடின பிறகும் அந்த அடுக்குத் தீரவில்லை. இன்றைக்குக் காலையிலும் எரித்தேன்.

இனி உன் பங்கு. 2013 ஜூனில் அப்பாவின் அடக்கத்துக்கு வந்து பத்து நாள் இருந்தாய். நான் சாம்பலைக் குப்பைக் குழியில் கொட்டினதைப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டில் நீலப் பேனாவால் எழுதி அடுக்களை அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டினாய். ‘சாம்பலை வீணாக்க வேண்டாம். பொட்டாஷ் சத்து. முருங்கை, கறிவேப்பிலை மூட்டில் போடவும். மீன் உரசவும் நல்லது.’ கீழே உன் பெயர். சீட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. காலேஜ் டீச்சர் எழுதினதாயிற்றே என்று அலமாரிக்குப் பெயின்ட் அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன். அன்றிலிருந்து கெளுத்தியானாலும் விலாங்கானாலும் சாம்பலைத் தொட்டுத்தான் உரசுகிறேன். இந்தக் கையால்தான். போன வருடம்வரை கிறிஸ்துமஸுக்கு உனக்கும் சலித்து ஒரு பை கொடுத்தனுப்பினேன். நீ இங்கே வரவில்லை, சாம்பல் மட்டும் உன்னிடம் போனது.

அந்தப் பத்து நாளும் நீ என் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். “மைனி, இது என்ன, கிளி நெறத்தில ஒரு விறகு?” என்று சிரித்ததும் நீதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு விறகு விறகுதான். உனக்கு அன்றைக்கே தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் எழுது.

ஜெயபாய்


இராஜாக்கமங்கலம்
9 டிசம்பர் 2024

மைனி,

முதலில் இதைச் செய்யுங்கள். இந்த நிமிடத்தோடு அந்த விறகை எரிப்பதை நிறுத்துங்கள். சாம்பலை வாரவோ பெருக்கவோ வேண்டாம். விறகு அடுக்கையும் முருங்கை மூட்டையும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். எங்கே, எப்படிக் கொண்டுபோய் ஒப்படைப்பது என்று நான் விசாரிக்கிறேன். அதுவரை அந்த முருங்கைக் கீரையும் வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தொட்டியில் என்ன மருந்து இருந்தது என்று எனக்குத் தெரியும். விறகு ஏன் பச்சை என்றும் தெரியும். எரித்தால் மரம்தான் போகும், அந்த உப்புகளில் கொஞ்சம் புகையோடு ஏறும், மிச்சம் சாம்பலில் தங்கும் என்பது என்னிடம் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இத்தனையும் தெரிந்த நான்தான் அந்தச் சீட்டை எழுதி ஒட்டினேன். ஒன்றையும் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இப்படி எழுதி நிறுத்தினால் மறதி என்று ஆகிவிடும். மறதிதானா? அந்தப் பத்து நாளில்தான் அண்ணன் முதன்முதலில் கையெழுத்துக் கேட்டார். கொட்டகையைப் பற்றி வாயைத் திறந்தால், அப்பாவின் கல்லறை ஈரம் காயுமுன்னே பங்குக்கு வந்துவிட்டாள் என்பார் என்று பயந்தேன். அதனால் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தேன். விறகைப் பார்த்துச் சிரித்தேன், பார்வையை எடுத்துக்கொண்டேன். எங்கே கவனம் போகக்கூடாது என்று நானே முடிவு செய்த இடத்தில்தான் நீங்கள் சமைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சீட்டை ஒட்டும்போது உங்களுக்கு ஏதோ நல்லது செய்கிற திருப்திகூட எனக்கு இருந்தது.

ஆகவே, தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்களைச் சந்தேகப்பட்டு எழுதினேன். அண்ணனைச் சந்தேகப்பட்டேன். இந்த வீட்டில் நான் சந்தேகப்படாமல் விட்டது என் கையெழுத்தில் இருந்த சீட்டை மட்டும்தான்.

எனக்காக இல்லாமல் உங்களுக்காக ஒன்று செய்யுங்கள். சில மாதங்களாக உடம்புக்குள் போனது நகத்தில் தங்கியிருக்கும். பத்து விரல் நகத்தையும் வெட்டி ஒரு காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புள்ளிகளில் ஒன்றை எடுத்துப் பார்ப்பார். இப்போதே பார்த்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்றார். அண்ணனும் அதே சோறு, அதே வெந்நீர், அதே புகை. அவர் நகமும் வேண்டும். தர மாட்டார் என்று தெரியும்.

இடத்தை விற்பது பற்றி: வாங்குகிறவரிடம் மண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு அண்ணன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். சொல்லாமல் என்றால் மாட்டேன்.

குளோரி


சிதறால்
15 டிசம்பர் 2024

குளோரி,

சனிக்கிழமை சாயங்காலம் உன் அண்ணனுக்கு நகம் வெட்டிவிடுவது முப்பத்தைந்து வருட வழக்கம். கோயிலுக்குச் சுத்தமான கையோடு போக வேண்டும் அவருக்கு. நேற்றும் அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். நான் கீழே காகிதம் விரித்தேன்.

“ஏட்டி, பேப்பர் என்னத்துக்கு? எப்பவும் மண்ணிலதான விழும்?”

விறகு அடுக்கைத் தார்ப்பாய் போட்டு மூடினதிலிருந்து அவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர் ஏன் கேஸ் அடுப்பில் வைக்கிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இனி புழு, துண்டுப் பிரசுரம் என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொய் மிச்சமில்லை. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

“அப்போ எனக்க பெண்டாட்டிக்க கையக் கெடுத்தது நானில்ல. அவளுக்க சீட்டு. அப்படித்தான?”

“மூணு பேரும்தான். கொட்டகைக்கு எடத்தக் குடுத்தது நீங்க. சும்மா கெடைக்கேன்னு விறகச் சொமந்துட்டு வந்தது நான்லா?”

“இஞ்ச காட்டு” என்றார். என் கையை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பெருவிரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தடவினார். இத்தனை நாளும் அவர் பார்த்ததே இல்லை. நானும் காட்டினதில்லை. அப்புறம் முகத்தைக் கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“செல்வதாஸ் போன அன்னைக்கே அங்க ஒரு வாழ வச்சேன். பட்டுப்போச்சு. ரெண்டாவது வச்சேன். அதும் பட்டுப்போச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். அங்கே புழு இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எழுதியிருந்தேனே, அதற்கு இதுதான் பதில் போலிருக்கிறது. பிறகு வலது கையை நீட்டினார். அது முடிந்ததும் நான் கேட்காமலே இடது கையையும் நீட்டினார்.

மாறிவிட்டார் என்று சந்தோஷப்படாதே. பொட்டலத்தை மடித்து ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டார். என் பொட்டலத்திலும் போட்டார்.

“இது என்னத்துக்கு?”

“அவ மாத்திடக் கூடாதுல்லா.”

அதனால் பிரிக்கும்போது கவனமாகப் பிரி. கையெழுத்து கிழிந்தால் உன்னைத்தான் சொல்வார். இத்தனை வருடமாக நீங்கள் அவளிடம் ஒரு கையெழுத்துக் கேட்டீர்கள், கடைசியில் அவள் கேட்காமலே உங்களிடம் இரண்டு வாங்கிவிட்டாள் என்று நான் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

இடத்துக்கு விலை பேசின ஆளிடம் நாளைக்குப் பேசப்போகிறாராம். என்ன பேசுவார் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை நாகர்கோவில் வருகிறோம். வண்டி அவர்தான் ஓட்டுகிறார். டாக்டர் வீட்டு வாசலில் நீ நின்றால் பேசுவாரா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நீ நில்.

எல்லாம் முடிந்து, இரண்டு பொட்டலத்தையும் உறைக்குள் வைக்கப்போனேன். “நில்லு” என்றார்.

“அவளுக்கும் வருசா வருசம் ஒரு பை போச்சுல்லா? அவளும் அந்தச் சாம்பலத் தொட்டுத்தான மீன் ஒரசினா? எல்லாருக்க நகமும் கேட்டிருக்கா, அவளுக்க நகம் எங்க?”

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் உன் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதனால் இந்த உறையில் மூன்று பொட்டலம் இருக்கிறது. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. மூன்றாவது காலி, ஒட்டவும் இல்லை. அதன்மேல் உன் பெயர் எழுதியிருக்கும். எழுத்தைப் பார், அது என்னுடையது இல்லை.

ஜெயபாய்